வீட்டுலதானே இருக்கீங்க

ரியாஸ், உனக்கு என் சலாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரி வாப்பா, சரி வாப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, உம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வாய். நானும் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சென்னை வேலையை விட்டுவிட்டு இந்த மாதக் கடைசியில் நீ வந்துவிடுவாய். ஹஸீனா அவர்கள் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பதால், நிக்காஹ் முடிந்ததும் திருப்பாலைக்குடியில் அவர்கள் வீட்டு மாடியறையில்தான் நீங்கள் இருவரும் இருக்கப்போகிறீர்கள். அங்கிருந்தே, என்னைப் போல வெளிநாட்டுக்காரர்களுக்கு லேப்டாப்பில் வேலை பார்க்கப்போகிறாய். எல்லாம் பேசி முடித்த விஷயம். எனக்கு அதில் சந்தோஷம்தான். நான் எழுத வந்தது வேறு.

போன வெள்ளிக்கிழமை நீ லீவில் வந்திருந்தபோது அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம் இல்லையா, அன்றைக்கு ஹஸீனாவின் வாப்பா உன்னிடம், மாடியறையில் உன் மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்று கேட்டார். நீ போனில் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தாய். அவர் மறுபடியும் கேட்டார். நீ தலையை நிமிர்த்தாமல், "ஒரு பத்து நிமிஷம் மாமா, முடிச்சுட்டு வாரேன்" என்றாய். அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். உன் தட்டில் வைத்த மீன் ஆறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ பெருமையோடு சொன்னாய், "அஞ்சு பேரு சேர்ந்துட்டாங்க வாப்பா. சிங்கப்பூர்ல ரெண்டு, துபாய்ல ஒண்ணு, லண்டன்ல ஒண்ணு, அமெரிக்காவுல ஒண்ணு" என்று. நான் மாஷா அல்லாஹ் என்றேன், மனசாரத்தான் சொன்னேன். ஆனால் நம் ஊர் புதுமடம் வந்து இறங்கும்வரை அந்தப் பத்து நிமிஷம் என் காதிலேயே நின்றது. ஏனென்றால் அது என்னுடைய பேச்சு. என் வாயிலிருந்துதான் அதை நீ எடுத்துக்கொண்டாய். அதனால் என்ன நடந்தது என்பதில் பாதி உனக்குத் தெரியும், மீதியை இப்போது சொல்கிறேன்.

சவூதியில், தம்மாமில் நான் பதினெட்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தேன். கட்டடம் எழும்புகிற இடத்தில் வாசலோரமாக ஒரு தகர அறை. அதில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், யாருக்கு எவ்வளவு ஓவர்டைம் என்று எழுதி, மாதக் கடைசியில் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். நானூறு பேருடைய நேரம் என் கையில் இருந்தது. ஒருவனுக்கு அரை மணி நேரம் விட்டுப்போனாலும் அவன் வந்து சன்னலைத் தட்டுவான். அப்படித் தட்ட விடாமல் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு. கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது ஐம்பத்தொரு வயதில் ஊர் வந்து சேர்ந்தேன். நீ அப்போதுதான் படிப்பு முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். வீட்டில் நானும் உம்மாவும் மட்டும். "இனிமே எங்கயும் போகப்போறதில்ல, இங்கனயேதான் இருக்கப்போறேன்" என்று அவளிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "பாப்போம்" என்றாள்.

என்னோடு தம்மாமில் இருந்த இங்கிலாந்துக்கார இன்ஜினியர் ஒருவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்தார். அவர் மனைவி கல்யாணக் கேக் செய்து விற்கிறவர். நாம் வீட்டில் கேக்கம்மா என்று சொல்கிறோமே, அவர்தான். தனக்கு வருகிற மெயிலுக்குப் பதில் எழுதவும், யாரை எப்போது பார்ப்பது என்று குறித்து வைக்கவும், பில் போடவும் ஆள் தேடினார். அந்த இன்ஜினியர் என்னைச் சொல்லிவிட்டார். "இதுக்கு வர்ச்சுவல் அசிஸ்டண்ட்னு பேரு வாப்பா. பேருதான் பெருசு, வேலை உங்களுக்குத் தெரிஞ்சதுதான்" என்று சொல்லி லேப்டாப் வாங்கி அனுப்பியது நீதான். கேக்கம்மாவோடு நிறுத்தியிருந்தால் போதும். ஆறு மாதத்தில் ஆஸ்திரேலியாவில் ஒரு பல் டாக்டர் வந்தார். நோயாளிகளுக்கு நாள் குறித்து ஞாபகப்படுத்துகிற வேலை. பிறகு கனடாவில் வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிற ஒருவர் வந்தார். யார் கேட்டாலும் எனக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை. வேலை போய் ஊர் திரும்பியவனுக்கு, வேண்டும் என்று ஒருவர் கேட்பதே பெரிய மரியாதையாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்திரேலியாவில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு இன்னும் விடிகாலைச் சுபுஹு பாங்கு சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கிலாந்துக்காரர்கள் காலை வேலையைத் தொடங்கும்போது நமக்கு மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். கனடாவில் கடை திறக்கும்போது இங்கே விளக்கு வைத்தாகிவிடும். மூன்று பேருடைய பகலும் என் ஒருவன் தலையில் விடிந்தது. நான் விழித்திருக்காத நேரமே இல்லை என்று ஆனது. எதற்கும் உடனே பதில் போட வேண்டும் என்பது என் எண்ணம். குளிக்கும்போதுகூடப் போன் சத்தம் கேட்கிற இடத்தில் இருக்கும். ஒரு நாள் உன் மாமா, அதுதான் உம்மாவின் தம்பி, வந்து, "மச்சான், வீட்டுலதானே இருக்கீக, ராமநாதபுரம் வரைக்கும் வந்து இந்தப் பாஸ்போர்ட் பாரத்த நிரப்பிக் குடுங்க" என்றார். அதற்கும் முடியாது என்று சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது பல் டாக்டருக்குப் பதில் போட்டேன், வரிசையில் நின்றபடி கேக்கம்மாவுக்குப் போட்டேன், நடுவில் பாரத்தை நிரப்பினேன். அவருடைய பிறந்த வருஷத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். அவர் மறுபடியும் ஒரு நாள் அலைய வேண்டியதாயிற்று. பல் டாக்டரின் நோயாளி ஒருவரைப் புதன்கிழமைக்குப் பதில் வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தேன். ஒரே பகலில் இரண்டு பேருக்கும் உதவி செய்ததாக நினைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் கெடுத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். எனக்கு அது தெரியும், ஆனால் வேலை நெருக்கடியில் மறந்துபோனேன். ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் தாயாரும் வீடியோவில் கேக்கம்மாவோடு பேச நாள் குறித்திருந்தோம். அந்த மீட்டிங்கைத் திறந்து அவர்களை உள்ளே விட வேண்டியது நான். நம் நேரம் நாலரை என்று எழுதி வைத்திருந்தேன், அது மூன்றரை. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு அந்தப் பெண் வேறு ஆளிடம் போய்விட்டாள். நான் கேக்கம்மாவுக்கு, கடற்கரையில் பலத்த காற்று, கரண்டு போய்விட்டது, இன்டர்நெட் இல்லை என்று எழுதினேன். பச்சைப் பொய். அன்றைக்கு ஒரு மரக்கிளை அசையவில்லை. அவர், பரவாயில்லை என்று ஒரு வார்த்தை எழுதினார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில்தான் உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் மத்தியானம் வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "என்னங்க, உடம்பு காயுது, தொட்டுப் பாருங்களேன்" என்றாள். நான் இடது கையை நீட்டி அவள் நெற்றியில் வைத்தேன். கண் திரையில் இருந்தது. சூடு தெரிந்ததா இல்லையா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. "ஒரு பத்து நிமிஷம், முடிச்சுட்டு வாரேன், டாக்டர்ட்ட போவோம்" என்றேன். அவள் போய்ப் படுத்துவிட்டாள். நான் போகவில்லை. மறுநாள் அவளே எழுந்து கஞ்சி காய்ச்சி எனக்கும் ஒரு கிண்ணம் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன். யார் காய்ச்சியது என்று நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி இருக்கும். பல் டாக்டருக்கே உடம்பு சரியில்லாமல், மறுநாள் வரவேண்டிய நோயாளிகளை எல்லாம் வேறு நாளுக்கு மாற்றச் சொல்லியிருந்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தினமும் கொல்லைப்பக்கமாக மீன் கொண்டுவருகிற ராக்கம்மா திடீரென்று என் அறைக்குள் வந்து நின்றாள். நான் கையைக் காட்டி நிற்கச் சொன்னேன். அவள் நேராக வந்து என் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினாள். "ஏண்ணே, அங்கன ஒங்க வீட்டம்மா தொவைக்கிற கல்லுக்கிட்ட விழுந்து கெடக்கு. நான் தொண்ட வத்தக் கத்துறேன். நீங்க இங்கன ஒக்காந்து யாருகிட்ட வாயசைச்சுக்கிட்டு இருக்கீக?" என்றாள். எழுந்து ஓடினேன். உம்மா ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள், கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. ராக்கம்மா மீன் கூடையை அப்படியே நம் வாசலில் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறி, ராமநாதபுரம் போகும்வரை உம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். அன்றைய மீன் முழுவதும் வீணாகிப்போனது. அதைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

டெங்கு என்றார்கள். இன்னும் ஒரு நாள் கடந்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். மறுநாள் காலை ரயிலில் நீ வந்து இறங்கினாய். உம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். என் மடியில் லேப்டாப் பை இருந்தது. ஏன் அதை எடுத்துக்கொண்டு போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அதை நீ பார்த்தாய். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாய், "சவூதியில இருந்தப்ப வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் எங்களுக்குன்னு பேசுவீங்க வாப்பா. இப்ப வீட்டுலதானே இருக்கீங்க, அந்த ஒரு மணி நேரமும் இல்ல." சொல்லிவிட்டு டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாய். அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நீ திட்டவில்லை.

நீ டீயோடு திரும்பி வருவதற்குள் நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியாது. பையைத் திறந்து மூன்று பேருக்கும் எழுதினேன். மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஒரு வாரம் நான் வேலை பார்க்க மாட்டேன், அதன் பிறகும் எந்த நேரத்தில் வேலை பார்ப்பேன் என்பதை நானே எழுதி அனுப்புவேன் என்று. மூன்றும் போய்விடும், ஐம்பது தாண்டிய வயதில் மறுபடி யார் வாசலில் போய் நிற்பது என்று பயந்தேன். பல் டாக்டரிடமிருந்து அரை மணியில் பதில் வந்தது. இங்கே வரவேற்பில் இருக்கிற பெண் பார்த்துக்கொள்வாள், முதலில் மனைவியைப் பாருங்கள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கோபித்திருந்தார். நேற்று அவருடைய நோயாளிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் உம்மா விழுந்து கிடந்தாள் என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்?

கேக்கம்மா எழுதவில்லை, போனில் கூப்பிட்டார். உம்மாவைப் பற்றி விசாரித்துவிட்டு, "ஒன்று கேட்கிறேன், நீங்கள் ஏன் எந்த நேரமும் உடனுக்குடன் பதில் போடுகிறீர்கள்?" என்றார். நீங்கள் அனுப்புகிறீர்களே என்றேன். "மறந்துவிடக் கூடாதே என்று தோன்றும்போது எழுதி அனுப்பிவிடுகிறேன். அந்த வாரத்துக்குள் பதில் வந்தால் போதும். நீங்கள் உடனே போடுவதால் நானும் உடனே உட்கார்ந்து படிக்கிறேன். என் வீட்டுக்காரர் என்னைத் திட்டுகிறார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவசரம் என்று நான் ஓடிய ஓட்டத்தில் முக்கால்வாசி யாரும் கேட்காதது. அப்போதே அந்தக் கரண்டு பொய்யையும் ஒப்புக்கொண்டேன். அவருக்கு ஏற்கெனவே தெரியுமாம். "இன்டர்நெட் இல்லாத அதே ஒரு மணி நேரத்தில் நீங்கள் எனக்கு மூன்று மெயில் அனுப்பியிருந்தீர்கள்" என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி எனக்கு முகம் எரிந்தது. மூன்றாவது ஆளான கனடாக்காரர் மட்டும், கூப்பிட்ட நேரத்துக்குக் கிடைக்காத ஆள் எனக்கு வேண்டாம் என்று முடித்துக்கொண்டார். அவர் மேலும் தப்பில்லை. எந்த நேரமும் கிடைப்பேன் என்று சொல்லித்தான் நான் அவரிடம் சேர்ந்தேன்.

உம்மா வீட்டுக்கு வந்த முதல் நாள் மத்தியானம் அவளுக்குச் சோறு குழைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இரண்டு மூன்று தடவை என்னைப் பார்த்தாள், எப்போது எழுந்து போவேன் என்று. நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகப் பேச ஆரம்பித்தாள். எதையோ சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில், "நம்ம ரியாஸு நாலாங்கிளாஸ் படிக்கையில கை முறிஞ்சு கட்டுப் போட்டிருந்தானே" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். "ஆமா, ஒங்ககிட்ட சொல்லல. வெள்ளிக்கிழமை போன்ல சொன்னா அந்த ஒரு மணி நேரமும் அதுலயே போயிரும். நீங்களும் அங்கன தூக்கமில்லாம கெடப்பீக. அதான் கட்டுப் பிரிக்கிறவரைக்கும் அவன வாயத் தெறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சேன்" என்றாள். ரியாஸ், உன் இடது முழங்கை கொஞ்சம் கோணலாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன், பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு சாயங்கால அசர் பாங்கு சொல்லும்வரை அவள் பேசினாள். பதினெட்டு வருஷத்தில் எனக்கு வந்து சேராத சேதிகள் இன்னும் எத்தனையோ அவளிடம் இருந்தன.

உம்மா தேறி எழுந்த பிறகு நான் செய்த முதல் காரியம், தம்மாமில் மற்றவர்களுக்கு எழுதிய மாதிரி எனக்கு நானே ஒரு வாரம் நேரம் எழுதியது. எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், என்ன செய்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று ஒளிக்காமல் எழுதினேன். கனடாக்காரர் போன பிறகும் மேசைக்கு முன்னால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இருந்தேன். அதில் உண்மையான வேலை ஐந்தரை மணி நேரம்கூட இல்லை. மீதி எல்லாம் மெயில் வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்தது, ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவி மறுபடி முதல் வேலையைத் தேடியது, சும்மா பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தத் தாளை உம்மாவிடம் காட்டினேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, "இதுல நான் எங்கன இருக்கேன்?" என்று கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துதான் நேரம் பிரித்தோம். சுபுஹு தொழுது வந்து ஆறு மணியிலிருந்து பத்து வரை பல் டாக்டர். அதற்கு மேல் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மார்க்கெட், தோட்டம், சாப்பாடு, ஒரு சின்னத் தூக்கம். மூன்று மணியிலிருந்து ஆறு வரை கேக்கம்மா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அப்புறம் வேலை கிடையாது. மெயிலை ஒரு நாளைக்கு நாலு தடவை மட்டும் திறப்பேன். இதை அப்படியே இரண்டு பேருக்கும் எழுதினேன். இருவரும் ஒரே நாளில் சரி என்றார்கள். இரண்டு வருஷமாகப் பயந்த விஷயம், இரண்டு வரியில் முடிந்துபோனது. முதல் மாதம் வருமானம் குறைந்துதான் போனது, மறைக்கவில்லை. ஆனால் தப்புகள் நின்றன. தப்பு நின்றதைப் பார்த்துத்தான் பல் டாக்டர் தன் தங்கையின் கிளினிக் வேலையையும் கொடுத்தார். அதுவும் அதே காலை நேரம்தான், அதனால் ஏற்றுக்கொண்டேன்.

சொந்தக்காரர்களைச் சமாளித்தது நான் இல்லை, உம்மா. மறுபடியும் உன் மாமா ஒரு நாள் மூன்றரை மணிக்கு வந்து மச்சான் எங்கே என்று கேட்டார். உம்மா, "அவுக ஆபீஸ்ல இருக்காக. ஆறு மணிக்கு வருவாக" என்றாள். நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன், கதவு இடுக்கில் என் கால் தெரிகிறது. மாமா கதவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "எந்த ஆபீஸ்?" என்றார். "இந்தா, இந்த ஆபீஸ்தான்" என்று கதவைக் காட்டிவிட்டு அவருக்கு டீ போடப் போய்விட்டாள். அவர் ஆறு மணி வரை இருந்து, என்னோடு பேசிவிட்டுத்தான் போனார். இப்போது நம் சொந்தத்தில் யாரும் மூன்று மணிக்கு வருவதில்லை.

இதையெல்லாம் உன்னிடம் சொல்வதற்குக் காரணம், நீ என்னைவிடச் சிக்கலான இடத்துக்குப் போகிறாய். நான் என் வீட்டில் இருந்தே இந்தப் பாடு பட்டேன். நீ மாப்பிள்ளையாகப் போய் மாடியில் உட்காரப்போகிறாய். நீ கதவைச் சாத்தினால் மாப்பிள்ளைக்கு என்ன கோபமோ என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள். திறந்து வைத்தால் சும்மாதானே இருக்கிறார் என்று நினைப்பார்கள். தொண்டியிலிருந்து மருந்து வாங்கி வரச் சொல்வார்கள், உறவுக்காரரைக் கூட்டி வரச் சொல்வார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. நீ சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் போன முதல் வாரமே ஹஸீனாவின் வாப்பாவிடமும் அவள் உம்மாவிடமும் உட்கார்ந்து சொல்லிவிடு. எத்தனை மணிக்கு மேலே போவேன், எத்தனை மணிக்கு இறங்கி வருவேன் என்று. இறங்கி வருகிற நேரத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு நாளும் தவறாமல் இறங்கி வந்துவிட்டால், மேலே இருக்கிற நேரத்தில் அவர்களே உன்னைக் கூப்பிட மாட்டார்கள். இறங்கி வரும்போது போனை மேலேயே விட்டுவிட்டு வா.

ஐந்து பேர் என்றாயே, அவர்களை ஒரு தாளில் எழுதிப் பார். சிங்கப்பூர்க்காரர்களுக்கு நம் காலை ஆறரைக்கெல்லாம் வேலை தொடங்கிவிடும், துபாய் பத்தரை மணி, லண்டன் மத்தியானம். இதுவரை ஒரு பகலுக்குள் அடங்கும். அமெரிக்கா அடங்காது. அந்த வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. அவர் தூங்கும்போது நீ செய்து முடித்து, அவர் எழும்போது கையில் கிடைக்கிற மாதிரி வேலை இருந்தால் வைத்துக்கொள். நேருக்கு நேர் பேச வேண்டிய வேலை என்றால் யோசித்து முடிவு செய். நாளைக்கு முடியும் என்று உனக்குத் தெரிந்தாலும் நாளை மறுநாள் என்று சொல். நம் பக்கம் மழைக்காலத்தில் கரண்டு நிஜமாகவே போகும். என்னைப் போல அதைப் பொய்க்கு வைத்துக்கொள்ளாதே, முன்னாலேயே இடம் விட்டு வை. தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு.

ஹஸீனா பள்ளிக்கூடம் விட்டு நாலே முக்காலுக்கு வீட்டுக்கு வருகிறாள். காலையிலிருந்து நாற்பது பிள்ளைகளிடம் கத்திவிட்டு வருகிற பெண். அந்த நேரத்தில் யாரோடும் மீட்டிங் வைத்துக்கொள்ளாதே. அவளும் வீட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவாள். அதுவும் வேலைதான், அவள் வீட்டில்தானே இருக்கிறாள் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அவள் எதையாவது சொல்ல வந்து உன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றால், திரும்பிப் பார். பேச நேரமில்லை என்றாலும் முகத்தைப் பார்த்து இத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல், அந்த மணிக்குப் போ. நான் கெட்டுத் தெரிந்துகொண்டதில் இதுதான் முக்கியமானது. மற்றதெல்லாம் உனக்கே போகப் போகத் தெரிந்துவிடும். நீ என்னைவிடக் கெட்டிக்காரன், உனக்கு நன்றாகவே வரும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடைசியாக ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் பத்து நாள், பின்னால் ஐந்து நாள் வேலை இல்லை என்று எல்லாருக்கும் எழுதிவிட்டேன். கேக்கம்மா, தானே ஒரு கேக் செய்து அனுப்ப முடியுமா என்று விசாரித்துப் பார்த்து, புதுமடம் வருவதற்குள் அது கல்லாகிவிடும் என்று வருத்தப்பட்டார். நேற்று உம்மாவிடம், கல்யாண வேலையில் எனக்கு எதைத் தருகிறாய் என்று கேட்டேன். அவள் பெரிய பட்டியலாக வைத்திருக்கிறாள். பிரியாணிக்கு ஆள் அவள் தம்பி, பந்தலுக்கு ராக்கம்மாவின் மகன், பத்திரிகை முழுவதும் கொடுத்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரு பெயர் இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. இத்தனை வருஷம் எந்த விசேஷத்தையும் நான் இல்லாமல் நடத்திப் பழகியவள், பாவம், அவளுக்கும் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. பட்டியலை மடித்து வைத்துவிட்டு, "நீங்க மாப்பிள்ளைகூட இருங்க. காலையில இருந்து அவன் பக்கத்துலயே இருங்க, அது போதும்" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

உன் வாப்பா.